சிவப்புப் புள்ளிக்குப் பின்னால் நடப்பது என்ன?

(மூன்றாம் ஆண்டு மாணவி, எலக்ட்ரானிக்ஸ் பிரிவு)



சி புரோகிராம் எழுதத் தெரிந்த எல்லோருக்கும் பிரேக்பாயின்ட் தெரியும். எடிட்டரில் வரியின் இடது ஓரத்தில் ஒரு கிளிக் செய்தால் சிவப்புப் புள்ளி விழும். ரன் கொடுத்தால் புரோகிராம் ஓடி வந்து அந்த வரியில் டக்கென்று நிற்கும். ஆனால் அது எப்படி நிற்கிறது? வகுப்பில் பக்கத்து பெஞ்ச், பின் பெஞ்ச் என்று சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். "டீபக்கர் ஒவ்வொரு வரியா பாத்துக்கிட்டே வரும், நம்ம வரி வந்ததும் நிறுத்திடும்" என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் அப்படி இல்லை.

யோசித்துப் பாருங்கள். இன்றைய பிராசசர் ஒரு நொடியில் பல கோடி இன்ஸ்ட்ரக்ஷன்களை முடிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, "இதுவா? இதுவா?" என்று டீபக்கர் பார்த்தால் புரோகிராம் நூற்றுக்கணக்கான மடங்கு மெதுவாகிவிடும். நாம் பிரேக்பாயின்ட் போட்டு ஓட்டும்போது அப்படி எதுவும் மெதுவாவதில்லையே! காரணம், அந்த நேரத்தில் டீபக்கர் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தூங்கிக்கொண்டிருக்கிறது. தூங்குவதற்கு முன்னால் அது செய்துவைத்த வேலை ஒன்று இருக்கிறது. நம் புரோகிராமில் அந்த இடத்தில் இருந்த இன்ஸ்ட்ரக்ஷனை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, அங்கே வேறு ஒரு இன்ஸ்ட்ரக்ஷனை எழுதிவிட்டது. அதாவது நாம் எழுதிய புரோகிராம் வேறு, பிரேக்பாயின்ட் போட்டபின் ஓடும் புரோகிராம் வேறு! இதைத்தான் சாஃப்ட்வேர் பிரேக்பாயின்ட் என்கிறார்கள்.

என் அப்பா ரயில்வேயில் கேங்மேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். இந்த விஷயத்தை அப்பாவுக்குச் சொன்னபோது அவர் உடனே, "டெட்டனேட்டர் மாதிரின்னு சொல்லு" என்றார். பாதையில் ஏதாவது ஆபத்து என்றால், கேங்மேன் முன்னாலேயே போய்த் தண்டவாளத்தின் மேல் டெட்டனேட்டரைக் கட்டிவைப்பார். எஞ்சின் சக்கரம் ஏறியதும் அது 'டமார்' என்று வெடிக்கும். டிரைவர் பிரேக் போடுவார். கேங்மேன் எஞ்சினை ஓடி ஓடித் துரத்த வேண்டியதில்லை. ஒரே ஒரு வித்தியாசம், டெட்டனேட்டர் தண்டவாளத்தின் மேல் உட்காருகிறது. டீபக்கரோ தண்டவாளத்தில் ஒரு துண்டையே கழற்றிவிட்டு அங்கே தன் துண்டை வைக்கிறது. அப்படியானால் துண்டின் நீளம் சரியாக இருக்க வேண்டும் அல்லவா? வேறு வேறு பிராசசர்களில் வேறு வேறு தொல்லைகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

நம் லேபில் இருப்பதிலிருந்தே ஆரம்பிப்போம்

8085-ல் ஆர்எஸ்டி 0 முதல் ஆர்எஸ்டி 7 வரை எட்டு இன்ஸ்ட்ரக்ஷன்கள் இருப்பது தெரியும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு பைட். ஆர்எஸ்டி 1-க்குக் கோட் சிஎஃப். அது வந்ததும் பிராசசர் அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனின் அட்ரஸை ஸ்டாக்கில் தள்ளிவிட்டு 0008-க்குக் குதிக்கும். அங்கே மானிட்டர் புரோகிராம் உட்கார்ந்திருக்கும். சில கிட்களில் புரோகிராம் முடிவில் சிஎஃப் அடிக்கிறோமே, மானிட்டருக்குத் திரும்பிப் போவதற்குத்தான். நீங்கள் புரோகிராமின் நடுவில் ஒரு இடத்தில் இருக்கும் பைட்டைப் பேப்பரில் குறித்துக்கொண்டு, அங்கே சிஎஃப் அடித்து ஓட்டினால், கையாலேயே ஒரு பிரேக்பாயின்ட் போட்டுவிட்டீர்கள். ரிஜிஸ்டர்களைப் பார்த்துவிட்டுப் பழைய பைட்டைத் திருப்பி அடித்துக்கொள்ளலாம். பெரிய பெரிய டீபக்கர்கள் செய்வதும் இதையேதான். 8080 காலத்து சிபி/எம் சிஸ்டத்தில் டிடிடி என்ற டீபக்கர் இதற்கு ஆர்எஸ்டி 7-ஐ வைத்துக்கொண்டது.

ஏன் ஒரு பைட் இன்ஸ்ட்ரக்ஷன்? மூன்று பைட் உள்ள கால் இன்ஸ்ட்ரக்ஷனை எழுதினால் என்ன என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஐஎன்ஆர் பி என்பது ஒரே பைட், 04. அதன் மேல் மூன்று பைட் கால் எழுதினால், அடுத்து இருக்கும் இரண்டு பைட்களும் அழியும். "பரவாயில்லை, அதையும்தான் ஒளித்துவைத்திருக்கோமே" என்றால், வேறு ஏதாவது லூப்பிலிருந்து ஒரு ஜம்ப் நேராக அந்த அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனுக்கு வந்தால் என்ன ஆகும்? பிராசசர் நம் கால் இன்ஸ்ட்ரக்ஷனின் நடு வயிற்றில் இறங்கி, அங்கே இருக்கும் அட்ரஸ் பைட்டை இன்ஸ்ட்ரக்ஷன் என்று நினைத்து ஓட்டும். ஆகவே பிரேக்பாயின்ட் அந்தப் பிராசசரின் மிகச் சிறிய இன்ஸ்ட்ரக்ஷனைவிடப் பெரிதாக இருக்கவே கூடாது.

இதே காரணத்துக்காக 8086-ல் இன்டெல் தனியாக ஒரு ஏற்பாடு செய்தது. எண் கொடுத்து எழுதும் மற்ற இன்ட் இன்ஸ்ட்ரக்ஷன்கள் எல்லாம் இரண்டு பைட். இன்ட் 3-க்கு மட்டும் ஒரு பைட் கோட் உண்டு. அதுதான் சிசி. 1978-ல் வந்த அந்த பைட் இன்றைய 64 பிட் கம்ப்யூட்டரிலும் அப்படியே இருக்கிறது. இன்டெல் வழி இன்ஸ்ட்ரக்ஷன்கள் 1 பைட்டிலிருந்து 15 பைட் வரை நீளும். எந்த நீளமாக இருந்தாலும் முதல் பைட்டில் சிசி வைத்தால் போதும்.

முதல் பைட்டில்! இதை அழுத்திச் சொல்கிறேன். ஈஏஎக்ஸில் 5 போடும் இன்ஸ்ட்ரக்ஷன் மெமரியில் பி8 05 00 00 00 என்று இருக்கும். தப்பான அட்ரஸ் கொடுத்து இரண்டாவது பைட்டில் சிசி விழுந்தால் பிராசசர் நிற்காது. ஈஏஎக்ஸில் 5-க்குப் பதில் 204 போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் மேலே போகும், ஏனென்றால் சிசி-க்கு டெசிமலில் 204. புரோகிராமும் நிற்கவில்லை, விடையும் தப்பு. 8085-லும் இதைச் செய்து பார்க்கலாம். எம்விஐ ஏ, 05 என்பது 3ஈ 05. அந்த 05-ன் மேல் சிஎஃப் அடித்தால் அக்குமுலேட்டரில் சிஎஃப் ஏறி உட்காரும். சோர்ஸ் வரியில் கிளிக் செய்யும்போது, எந்த அட்ரஸில் இன்ஸ்ட்ரக்ஷன் ஆரம்பிக்கிறது என்ற கணக்கை டீபக்கர் கம்பைலர் எழுதிவைத்த அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நாமாக அட்ரஸ் அடிக்கும்போதுதான் ஜாக்கிரதை.

நின்றபின் இருக்கும் கணக்கு

டெட்டனேட்டர் வெடித்த இடத்திலேயே ரயில் நிற்காது, தாண்டித்தான் நிற்கும். இன்டெல்லும் அப்படித்தான். சிசி ஓடி முடிந்து ட்ராப் வரும்போது புரோகிராம் கவுன்ட்டர் அடுத்த பைட்டைக் காட்டும். டீபக்கர் அதில் 1 கழித்தால்தான் நாம் பிரேக்பாயின்ட் போட்ட அட்ரஸ் கிடைக்கும். மோட்டரோலா 68000-ல் இதற்கு ட்ராப் 15 என்ற இரண்டு பைட் இன்ஸ்ட்ரக்ஷனை வைப்பது வழக்கம். அங்கே 2 கழிக்க வேண்டும். 64 பிட் ஆர்மின் பிஆர்கே, ரிஸ்க்-வி-யின் ஈபிரேக் இரண்டும் அந்த இன்ஸ்ட்ரக்ஷனின் அட்ரஸையே திருப்பித் தருகின்றன. அங்கே கழித்தால்தான் தப்பாகும். ஜிடிபி போன்ற டீபக்கரில் பிராசசருக்கு ஒரு எண் வீதம் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-ல் எழுத ஆரம்பித்த ஜிடிபி இத்தனை பிராசசர்களில் ஓடுவதற்கு, இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கணக்குகளை ஒரு இடத்தில் பிரித்துவைத்ததும் ஒரு காரணம்.

சரி, நின்றாச்சு. இப்ப 'கன்டினியூ' கொடுக்கிறோம். எப்படிப் போவது? அங்கே இன்னும் சிசி இருந்தால் மறுபடி அதிலேயே விழும். பழைய பைட்டை வைத்துவிட்டு ஓடவிட்டால் அடுத்த முறை லூப் சுற்றி வரும்போது நிற்காது. ஆகவே டீபக்கர் பழைய பைட்டை வைத்து, ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்ஷனை மட்டும் ஓடவிட்டு, மறுபடி சிசி-யை எழுதிவிட்டு, பிறகுதான் முழுதாக ஓடவிடும். நாம் ஒரு தடவை கீயைத் தட்டுகிறோம், உள்ளே இவ்வளவு நடக்கிறது.

அந்த 'ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்ஷன்' ஓட்டுவதற்கு இன்டெல்லில் ஃபிளாக் ரிஜிஸ்டரில் ட்ராப் ஃபிளாக் என்று ஒரு பிட் இருக்கிறது. பழைய 32 பிட் ஆர்மிலும் மிப்ஸிலும் லினக்ஸின் கீழ் அந்த வசதி கிடையாது. அங்கே டீபக்கர் தானே அந்த இன்ஸ்ட்ரக்ஷனைப் படித்து, இது பிராஞ்சா, பிராஞ்ச் என்றால் எங்கே போகும் என்று கணக்குப் போட்டு, போகக்கூடிய இடத்தில் ஒரு தற்காலிகப் பிரேக்பாயின்டை வைக்கிறது. பிராசசரின் வேலையை டீபக்கர் மனக்கணக்காகப் போடுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

பல த்ரெட்கள் ஓடும் புரோகிராமில் இதிலும் ஒரு ஓட்டை. பழைய பைட்டைத் திருப்பி வைத்த அந்தக் கண நேரத்தில் இன்னொரு த்ரெட் அந்த வழியாக வந்தால் நிற்காமல் போய்விடும். மற்ற எல்லா த்ரெட்களையும் நிறுத்திவைப்பது ஒரு வழி. அந்த இன்ஸ்ட்ரக்ஷனை வேறு இடத்தில் காப்பி எடுத்து, அங்கே ஓட்டிவிட்டு வருவது இன்னொரு வழி. ஆனால் "இங்கிருந்து இத்தனை பைட் தள்ளி" என்று சொல்லும் இன்ஸ்ட்ரக்ஷனை இடம் மாற்றி ஓட்டினால் அது தப்பான இடத்துக்குப் போகும். அதையும் சரிசெய்ய வேண்டும்.

எல்லாம் ஒரே நீளம் என்றால் சுலபம்தானே?

அப்படித்தான் நானும் எதிர்பார்த்தேன். மிப்ஸிலும் 64 பிட் ஆர்மிலும் எல்லா இன்ஸ்ட்ரக்ஷனும் 4 பைட், பிரேக்பாயின்டும் 4 பைட். நீளப் பிரச்சினை ஒழிந்தது. ஆனால் மிப்ஸில் வேறு ஒரு குறும்பு இருக்கிறது. பிராஞ்ச் இன்ஸ்ட்ரக்ஷனுக்கு அடுத்து இருக்கும் இன்ஸ்ட்ரக்ஷன், பிராஞ்ச் எடுத்தாலும் ஓடும். அந்த இடத்துக்கு டிலே ஸ்லாட் என்று பெயர். அதில் பிரேக்பாயின்ட் வைத்தால், பிராசசர் நின்றபின் முந்தைய பிராஞ்சின் அட்ரஸைக் காட்டும். தொடர்வதென்றால் பிராஞ்சையே மறுபடி ஓட்ட வேண்டும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஜிடிபி நாம் கேட்ட இடத்தை விட்டுவிட்டு ஒரு படி முன்னால், பிராஞ்ச் மேலேயே பிரேக்பாயின்டை நகர்த்தி வைத்துவிடுகிறது.

32 பிட் ஆர்மில் தொல்லை வேறு மாதிரி. ஒரே பிராசசர் இரண்டு பாஷை பேசும். ஆர்ம் பாஷையில் இன்ஸ்ட்ரக்ஷன் 4 பைட், தம்ப் பாஷையில் 2 பைட். பிறகு வந்த தம்ப்-2-ல் இரண்டும் கலந்து வரும். தம்ப் கோடில் 4 பைட் ஆர்ம் பிரேக்பாயின்டை எழுதினால் இரண்டு இன்ஸ்ட்ரக்ஷன்கள் காலி. ஆகவே அந்த அட்ரஸில் எந்தப் பாஷை என்று டீபக்கர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பைல் செய்யும்போதே "இங்கிருந்து ஆர்ம், இங்கிருந்து தம்ப், இங்கிருந்து வெறும் டேட்டா" என்று ஃபைலில் அடையாளம் போட்டு வைப்பதால்தான் இது நடக்கிறது.

தம்ப்-2-ல் ஐடி என்ற இன்ஸ்ட்ரக்ஷன் உண்டு. அடுத்த நாலு இன்ஸ்ட்ரக்ஷன் வரை, நிபந்தனை சரியாக இருந்தால் ஓடு, இல்லையென்றால் தாண்டு என்று சொல்லும். அதற்குள் ஒரு 4 பைட் இன்ஸ்ட்ரக்ஷனின் மேல், நிபந்தனைக்குக் கட்டுப்படும் 2 பைட் பிரேக்பாயின்டை வைத்தோம் என்று வையுங்கள். நிபந்தனை பொய் என்றால் பிராசசர் 2 பைட்டைத்தான் தாண்டும். மிச்சம் கிடக்கும் பழைய இன்ஸ்ட்ரக்ஷனின் பின்பாதியை, அதுவும் ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் என்று நினைத்துவிடும். அதனால் அங்கே 4 பைட்டுக்கு 4 பைட் பிரேக்பாயின்ட்தான் வைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் படித்தபோதுதான், இதை எழுதினவங்க எவ்வளவு அடிபட்டுக் கற்றிருப்பாங்க என்று தோன்றியது.

ரிஸ்க்-வி இதிலிருந்து பாடம் படித்தது போல இரண்டு அளவிலும் கொடுத்திருக்கிறது. 4 பைட் ஈபிரேக் 00100073, 2 பைட் சி.ஈபிரேக் 9002. இன்ஸ்ட்ரக்ஷனின் கடைசி இரண்டு பிட்டைப் பார்த்தாலே அது 2 பைட்டா 4 பைட்டா என்று தெரியும், அதற்கேற்ற துண்டை வைக்கலாம். ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி பிராசசர்கள் இந்த ரிஸ்க்-வி வகைதான் என்பதால், நம்மில் யாராவது ஒருநாள் இந்த 9002-ஐ நேரில் சந்திக்க வாய்ப்பு உண்டு.

இட்டானியம் பற்றி ஒரு வார்த்தை. 2001-ல் வந்து, 2021-ல் சப்ளை நின்றுபோன பிராசசர் அது. 128 பிட் கட்டு ஒன்றில் 41 பிட் இன்ஸ்ட்ரக்ஷன் மூன்று, மீதி 5 பிட் குறிப்பு. 41 பிட் என்றால் பைட் எல்லையிலேயே வராது! பிரேக்பாயின்ட் போட வேண்டுமானால் கட்டை முழுசாக எடுத்து, நடுவில் பிட்களை வெட்டி ஒட்டித் திருப்பி வைக்க வேண்டும்.

மிப்ஸ், ஆர்ம் இரண்டிலும் இன்னொரு பொறி உண்டு. லோடு-லிங்க்டு, ஸ்டோர்-கண்டிஷனல் என்ற ஜோடியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆர்மில் அதற்கு எல்டிஆர்ஈஎக்ஸ், எஸ்டிஆர்ஈஎக்ஸ் என்று பெயர். முதலாவது படித்து இடத்தை 'ரிசர்வ்' செய்யும். இரண்டாவது, ரிசர்வேஷன் கலையாமல் இருந்தால் மட்டும் எழுதும். கலைந்திருந்தால் லூப் மறுபடி முதலிலிருந்து முயற்சி செய்யும். இரண்டுக்கும் நடுவில் பிரேக்பாயின்டில் நின்றால் ட்ராப் வந்து போவதிலேயே ரிசர்வேஷன் கலைந்துவிடும். மறுபடி முயற்சி, மறுபடி பிரேக்பாயின்ட், மறுபடி கலைப்பு. சும்மா ஓட்டினால் ஒழுங்காக முடியும் புரோகிராம், டீபக்கரில் மட்டும் முடிவே இல்லாமல் சுற்றும். ஸ்டெப் கொடுக்கும்போது ஜிடிபி இந்த ஜோடியை அடையாளம் கண்டு, அதைத் தாண்டித்தான் தன் தற்காலிகப் பிரேக்பாயின்டை வைக்கிறது. நாமாக நடுவில் வைத்தால் அதனாலும் காப்பாற்ற முடியாது.

எழுதவே முடியாத இடத்தில்?

இதுவரை சொன்னதெல்லாம் மெமரியில் எழுத முடியும் என்ற தைரியத்தில். நம் ப்ராஜெக்ட் போர்டுகளில் புரோகிராம் ஃபிளாஷில் அல்லவா இருக்கிறது! ஆர்டுவினோ யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் பிரேக் என்ற இன்ஸ்ட்ரக்ஷன் உண்டு, கோட் 9598. ஆனால் அதை வைக்க ஃபிளாஷில் 128 பைட் உள்ள ஒரு பக்கத்தையே அழித்துத் திருப்பி எழுத வேண்டும். ஃபிளாஷுக்கு 10,000 தடவை வரைதான் உத்தரவாதம். அதனால் டீபக் செய்து அடித்து நொறுக்கிய சிப்பை வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பொருளில் வைக்காதீர்கள் என்பார்கள்.

இங்கேதான் ஹார்டுவேர் பிரேக்பாயின்ட் உதவிக்கு வருகிறது. சிப்புக்குள்ளேயே அட்ரஸை ஒப்பிட்டுப் பார்க்கும் சர்க்யூட். எதையும் மாற்றி எழுத வேண்டாம். ஆனால் எண்ணிக்கை அளவோடுதான். 1985-ல் வந்த 80386-லிருந்து இன்டெல்லில் நாலு. ஆர்ம் கார்டெக்ஸ்-எம்3-ல் ஆறு. ப்ளூ பில் போர்டில் பிரேக்பாயின்ட் வரிசையாகப் போட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் "இனி இடமில்லை" என்று சாஃப்ட்வேர் மறுப்பது இதனால்தான். போர்டில் கோளாறு ஒன்றும் இல்லை.

ப்ராஜெக்ட் செய்யும் இறுதியாண்டு நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கார்டெக்ஸ்-எம் போர்டில் பிகேபிடி என்ற பிரேக்பாயின்ட் இன்ஸ்ட்ரக்ஷன் ஓடும்போது டீபக்கர் இணைக்கப்படாமல் இருந்தால், வழக்கமாக ஹார்டு ஃபால்ட்டில் போய் விழும். நாமே பிகேபிடி எழுதாவிட்டாலும், 'செமிஹோஸ்டிங்' வைத்து பிரின்ட்எஃப் செய்தால் உள்ளுக்குள் ஓடுவது அதுதான். கேபிள் செருகியிருக்கும் வரை போர்டு ஜோராக வேலை செய்யும். டெமோ அன்று கேபிளைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் எக்ஸ்டர்னல் முன்னால் அப்படியே உறைந்து நிற்கும். சோல்டரிங்கையும் பவர் சப்ளையையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பொழுதைப் போக்குவார்கள், காரணம் ஒரு இரண்டு பைட் இன்ஸ்ட்ரக்ஷன். ஏவிஆர் இந்த விஷயத்தில் சாது. டீபக் வசதி அணைந்திருந்தால் அதன் பிரேக்கை, ஒன்றும் செய்யாத நாப் போலத் தாண்டிப் போய்விடும்.

பழைய டாஸில் டீபக் என்ற புரோகிராம் இருந்தது. பத்து பிரேக்பாயின்ட் வரை கொடுக்கலாம். ஆனால் எதிலும் நிற்காமல் புரோகிராம் முடிந்துவிட்டால், வைத்த இன்டரப்ட் இன்ஸ்ட்ரக்ஷன்களை அது திரும்ப எடுக்காது என்று அதன் கையேட்டிலேயே போட்டிருந்தார்கள். இன்று அந்தப் பயம் இல்லை. லினக்ஸில் ஒரே புரோகிராமைப் பத்துப் பேர் ஓட்டினாலும் கோட் மெமரியில் ஒரே பிரதிதான். டீபக்கர் சிசி எழுதும்போது கெர்னல் அந்தப் பக்கத்தை மட்டும் தனிப் பிரதி எடுத்து அந்த ஒரு பிராசஸுக்குக் கொடுக்கிறது. டிஸ்கில் உள்ள ஃபைலுக்கும் மற்ற ஒன்பது பேருக்கும் ஒன்றும் தெரியாது.

நம்பாதவர்கள் லேபில் லினக்ஸ் உள்ள எந்த இன்டெல் கம்ப்யூட்டரிலும் செய்து பார்க்கலாம், பத்து வரிக்கு மேல் புரோகிராம் வேண்டாம். டெஸ்ட் என்று ஒரு ஃபங்க்ஷன் எழுதுங்கள். மெயினில், டெஸ்டின் அட்ரஸை அன்சைன்டு கேரக்டர் பாயின்டராக மாற்றி, அந்த இடத்தில் உள்ள ஒரு பைட்டை ஹெக்ஸில் பிரின்ட் செய்யுங்கள். சும்மா ஓட்டினால் பெரும்பாலும் எஃப்3 அல்லது 55 வரும். பிறகு ஜிடிபி-க்குள் போய், ஸ்டார்ட் கொடுத்து மெயினில் நின்றபின், டெஸ்டுக்கு முன்னால் ஸ்டார் குறி போட்டு பிரேக்பாயின்ட் வையுங்கள். ஸ்டார் போடாவிட்டால் ஃபங்க்ஷனின் ஆரம்ப வேலைகளைத் தாண்டி வேறு பைட்டில் போய் வைத்துவிடும். கன்டினியூ கொடுத்தால் உங்கள் புரோகிராம் 'சிசி' என்று பிரின்ட் செய்யும். நின்றதும், அதே அட்ரஸில் என்ன இருக்கிறது என்று எக்ஸ் கமாண்டில் ஜிடிபி-யையே கேளுங்கள். சிசி என்று சொல்லாது, பழைய எஃப்3-ஐயே காட்டும்.